மூன்று மணி, முப்பத்தெட்டு ஆடு

பினாங்குத் தெருவில் ஒரு பூசைச் சாமான் கடையில் நாற்பது சிறிய பித்தளை மணி வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுக்கா, கோயிலுக்கா?" என்றார். "ஆட்டுக்கு" என்றேன். "முனியாண்டி கோயில் கிடாவா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நாற்பது கிடா வெட்டும் அளவுக்கு எனக்கு என்ன வேண்டுதலோ என்று மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பார். செம்மறி வளர்க்கிறேன், மேயும்போது கழுத்தில் கட்டுவதற்கு என்று விளக்கியதும் அவர் முகத்தில் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்துவிட்டது.

அப்போது நான் ஆடு வளர்க்கத் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பிறையில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து, ஆள்குறைப்பில் வெளியே வந்தவன் நான். கைக்கு வந்த தொகையில் பாதியை மனைவி வங்கியில் போட்டுப் பூட்டிவிட்டாள். மீதிப் பாதியில் நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின், ஓரத்தில் கொட்டகை போட்டேன். மரங்களுக்கு அடியில் மேய்த்துக்கொள்ளத் தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கி 38 செம்மறிகளை இறக்கினேன். பார்படோஸ் பிளாக்பெல்லி கலப்பு. வயிறு கறுத்து, கம்பளி இல்லாமல் குட்டை முடியோடு இருக்கும். வெள்ளாட்டுக்குத்தான் இங்கே கிராக்கி அதிகம். ஆனால் வெள்ளாடு தலையை நிமிர்த்தி இளம் ஓலையைக் கடிக்கும், மரப்பட்டையைச் சுரண்டும். செம்மறி குனிந்த தலை நிமிராமல் புல்லையும் பூண்டையும் மேயும். தோட்டக்காரருக்குக் களை ஒழிய வேண்டும், மரம் பிழைக்க வேண்டும்.

செம்பனைக்குள் ஆட்டைத் தொலைப்பதற்குத் தனித் திறமை எதுவும் வேண்டாம். மரத்துக்கு மரம் 9 மீட்டர் விட்டு முக்கோணமாக நட்டிருப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வரிசை, அதே நிழல். வெட்டிப்போட்ட மட்டைகள் இடுப்புயரத்துக்குக் குவிந்திருக்கும். அதற்குப் பின்னால் ஐந்து ஆடு படுத்திருந்தாலும் தெரியாது. நடுநடுவே கால்வாய். முதல் மாதத்திலேயே இரண்டு முறை இருட்டும் வரை தேடியிருக்கிறேன். அதனால்தான் மணி.

நாற்பதில் முப்பத்தெட்டைக் கட்டிவிட்டு, ஆடுகளைத் திறந்துவிட்டு நின்றபோது காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. அந்த வாரக் கடைசியில் பெரியப்பா வந்தார். எண்பத்தொரு வயது. சின்ன வயதில் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் என் தாத்தாவின் ஆடுகளை மேய்த்தவர். காரிலிருந்து இறங்கி, கைத்தடியை ஊன்றி, கொஞ்ச நேரம் அந்த ஓசையைக் கேட்டார்.

"தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே. வெள்ளி ரதம் இப்போதே புறப்பட்டுவிட்டதா?" என்றார்.

"ஆடு தொலைந்துபோகிறது பெரியப்பா. அதனால் எல்லா ஆட்டுக்கும் கட்டிவிட்டேன்."

"எல்லாவற்றுக்கும் கட்டினால் ஒன்றுக்கும் கட்டாத மாதிரிதான். இப்போது எந்த ஆடு எங்கே நிற்கிறது, சொல் பார்க்கலாம்."

சொல்ல முடியவில்லை. நாலா பக்கமும் கிணிகிணி என்றது, அவ்வளவுதான்.

என் தாத்தா சிவகங்கைப் பக்கத்துக்காரர். ரஜூலா கப்பலில் பினாங்கில் வந்து இறங்கி, ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். ஊரில் அவருடைய மாமன்மார் கீதாரிகள். பல வீட்டு ஆடுகளை ஒரே மந்தையாகச் சேர்த்து, தலைமை ஏற்று நடத்திப் போகிறவருக்குத்தான் அந்தப் பக்கத்தில் கீதாரி என்று பெயர். அறுவடை முடிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் வலசை போவார்கள். வயலில் இரவு கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம், அதற்குக் கூலியாக நெல்லோ பணமோ கீதாரிக்கு. அந்தப் பழக்கத்தில்தான் தாத்தா லயத்துக்குப் பின்னால் பத்துப் பதினைந்து ஆடு வைத்திருந்திருக்கிறார். தோட்டத்துக் கணக்கரான கிராணி கண்டும் காணாமல் இருப்பாராம். மாதத்துக்கு ஒரு முறை அவர் வீட்டுக்குக் கறி போய்விடும்.

"உன் தாத்தா மணி வாங்கவில்லை. செய்துகொண்டார்" என்றார் பெரியப்பா. தோட்டத்துப் பட்டறையில் கழித்துப்போட்ட இரும்புக் குழாயிலிருந்து நான்கு விரற்கடை நீளத்துக்கு ஒரு துண்டு. ஒரு முனையைச் சம்மட்டியால் தட்டித் தட்டையாக்கி, அதில் ஒரு துளை. உள்ளே நாக்குக்கு மரக்கட்டை. "மூன்றே மணி. மூன்றும் மூன்று குரல்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பித்தளை எங்கே, குழாய்த் துண்டு எங்கே? இருந்தாலும் ஊருக்குள் ஒரு வெல்டிங் பட்டறையில் மெல்லிய சுவருள்ள குழாயில் மூன்று துண்டு வெட்டச் சொன்னேன். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று வாய் அகலம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்ததில் எதுவும் 250 கிராமைத் தாண்டவில்லை. அந்தத் தராசில் இனி மாவு நிறுக்கப்போவதில்லை என்று மனைவி அன்றே அறிவித்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை என் மகனை ஒரு மரத்தடியில் நிறுத்தி, பித்தளை மணியை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு நடந்தேன். ஒன்பதாவது வரிசையில் ஓசை மங்கிப் பதினொன்றில் காணாமல் போயிற்று. குழாய் மணியோடு அதே இடத்திலிருந்து மறுபடி நடந்தேன். பத்து, பதினைந்து, பதினெட்டு. இருபதாவது வரிசையிலும் டொக், டொக் என்று தேங்காய் மட்டையில் தட்டுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. கிட்டத்தில் அழகில்லாத ஓசை. தூரத்தில் அதுதான் பேசுகிறது.

காரணம் எளியதுதான். கீச்சென்ற மெல்லிய ஒலியை இலையும் ஓலையும் சீக்கிரம் விழுங்கிவிடும். தடித்த ஒலி அவற்றைத் தாண்டி வரும். போதாததற்கு, செம்பனைக்குள் வெயில் ஏற ஏறச் சில்வண்டுகள் தொடங்கிவிடும். பித்தளை மணியும் சில்வண்டும் ஏறக்குறைய ஒரே சுருதியில் கத்துகின்றன. இரும்பின் குரல் அவற்றுக்குக் கீழே தனியாக ஓடுகிறது. மலாய்க் கிராமங்களில் எருமைக்கு மரத்தில் மணி குடைந்து கட்டுவார்கள். சிறுவனாக இருந்தபோது அதை ஏழைகளின் மணி என்று நினைத்திருந்தேன்.

குழாய் மணிக்கு நாக்காக முதலில் ஒரு போல்ட்டைத்தான் தொங்கவிட்டேன். சத்தம் கூர்மையாக வந்தது, மூன்று வாரத்தில் குழாயின் உள்வாயிலும் தழும்பு விழுந்தது. தச்சர் ஒருவரிடம் மெர்பாவ் மரத்தில் சுண்டுவிரல் பருமனுக்குத் துண்டுகள் வாங்கி மாட்டினேன். குரல் இன்னும் கீழே இறங்கியது. இரண்டு ஆண்டாக அதே நாக்கு. தொங்கவிடும் கயிறுதான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறும். அதைத் தேதி குறித்து மாற்றிவிட வேண்டும். நாக்கு விழுந்த மணியோடு மேயும் ஆடு, மணியே இல்லாத ஆட்டைவிட மோசம். சத்தம் வரவில்லை என்றால் தொலைந்துவிட்டது என்று ஓடுவீர்கள். அது உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும்.

யாருக்குக் கட்டுவது என்பதுதான் பெரிய கேள்வி. பெரியப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை முழுவதும் உட்கார்ந்து, ஆடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கட்டலாம் என்று நினைத்த கிடாவை முதலிலேயே தள்ளிவிட்டார். "கிடா முட்டும். முட்டுகிற கழுத்தில் மணி எதற்கு? மேலும், அது ஆடுகளுக்குப் பின்னால் போகிறது. ஆடுகள் அதற்குப் பின்னால் போகவில்லை." உண்மைதான். மந்தையை நடத்தியது ஒரு பல் விழுந்த கிழட்டுப் பெட்டை. அது தலையைத் தூக்கினால் எல்லாம் தூக்கும். அது கால்வாயைத் தாண்டினால் எல்லாம் தாண்டும். நான்கு மாதம் தினமும் பார்த்தும் என் கண்ணில் படாத விஷயம். நீள மணி கிழவிக்குப் போயிற்று. குட்டை மணி காது கிழிந்த ஒரு பெட்டைக்கு. அது எப்போதும் ஓரத்திலேயே மேய்ந்து, புல்லைத் தேடிக்கொண்டே தனியாகப் போய்விடும் சாதி. அகல மணி எப்போதும் கடைசியில் வரும் சோம்பேறி ஒன்றுக்கு. முன், ஓரம், பின். இந்த மூன்றும் எங்கே என்று தெரிந்தால் நடுவில் உள்ள முப்பத்தைந்தும் எங்கே என்று தெரிந்துவிடும்.

கேட்பதற்குப் பழக எனக்கு ஓராண்டு ஆயிற்று. மேயும் ஆடு ஒவ்வொரு வாய் புல்லையும் வெடுக்கென்று இழுக்கும்போது மணி ஒரு தட்டுத் தட்டும். சீராக இருக்காது, நடுநடுவே விட்டுவிட்டு வரும். நடந்தால் காலடிக்குச் சரியாகத் தாளம் சேரும். ஈ மொய்த்துக் காதை உதறினால் படபடவென்று ஒரு கொத்து, பிறகு அமைதி. படுத்து அசைபோட்டால் எப்போதாவது ஒரு தட்டு, ஒரே இடத்திலிருந்து. மூன்று மணியும் ஒரே நேரத்தில் ஒழுங்கில்லாமல் அலறினால் எதையும் யோசிக்காமல் தடியை எடுக்க வேண்டும், நாய். ஒரே மணி, ஒரே இடம், விட்டுவிட்டு வலித்து அடிக்கிறது என்றால் கால்வாயில் இறங்கி ஏற முடியாமல் நிற்கிறது. இந்தக் கடைசிக் குரலை ஒரு தடவை கேட்டுவிட்டால் தூக்கத்திலும் மறக்காது.

கடைசியில் வரும் சோம்பேறியின் மணி எனக்கு இன்னொரு வேலையும் செய்தது. ஒரு வாரமாக அது வழக்கத்தைவிட மிகவும் பின்தங்கி ஒலிக்கிறதே என்று பிடித்துக் கீழ் இமையைப் புரட்டிப் பார்த்தேன். உள்தோல் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம்போல வெளுத்திருந்தது. இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் புழு. நம் ஊர் ஈரத்தில் செம்மறிக்கு முதல் எமன் அதுதான். மருந்து கொடுத்ததில் பிழைத்தது. அதிலிருந்து, பனி காயாமல் ஆட்டைத் திறந்துவிடுவதில்லை. புழுவின் குஞ்சுகள் ஈரப் புல்லின் நுனிவரை ஏறி நிற்கும். பத்து மணிக்கு முன் கொட்டகைக் கதவு திறக்காது.

இனி என்னுடைய மடத்தனங்கள்.

பினாங்கில் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் பழைய பூட்டுகளுக்கும் விளக்குகளுக்கும் நடுவே ஒரு இரும்பு மணி கிடந்தது. தகட்டை மடித்துச் செய்தது. மேலே திட்டுத்திட்டாகப் பச்சையும் மஞ்சளும் படிந்த தோல். தட்டிப் பார்த்தேன். என் குழாய் மணி மூன்றையும் வெட்கப்பட வைக்கும் குரல். பேரம் பேசாமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் சுத்தம் செய்யும் ஆசை வந்தது. கிரைண்டரில் எமரித் தட்டை மாட்டி, அந்தத் திட்டுகளை எல்லாம் துரு என்று நினைத்து, பளபளவென்று வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்துத் தள்ளினேன். பிறகு தட்டினேன். பால் டின் சத்தம் வந்தது. மடிப்புகளில் வெளிச்சம் தெரிந்தது.

எதை அழித்தேன் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். குஜராத்தில் கச்சுப் பகுதியில் நிரோனா என்ற ஊரில் இந்த மணியைச் செய்கிறார்கள். இரும்புத் தகட்டை வெல்டிங் இல்லாமல் அடித்து மடித்துப் பொருத்தி, மேலே செம்பும் பித்தளையும் தூளாகப் பூசி, களிமண்ணால் மூடிச் சுற்றி உலையில் வைப்பார்கள். உள்ளே உலோகம் உருகி, இரும்பின் இடுக்கெல்லாம் ஓடிப் பிடித்துக்கொள்ளும். மண்ணை உடைத்து எடுத்தபின் சுத்தியலால் தட்டித் தட்டிக் குரலைச் சரிசெய்வார்கள். நாக்கு அங்கேயும் மரம்தான். போர்ச்சுகலில் அல்காசோவாஸ் என்ற ஊரிலும் இதே களிமண் உத்தி. செய்பவர்கள் அருகிவிட்டதால் 2015இல் யுனெஸ்கோ அதை உடனே காப்பாற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பகுதியின் கிரேட் செவெரல், மார்க்கெட் லாவிங்டன் என்ற ஊர்களில் செம்மறி மணி செய்யும் குடும்பங்கள் இருந்தன. அங்கும் இரும்புத் தகட்டில் பித்தளையை உருக்கி ஏற்றுவார்கள். அந்த மணிகளை வாங்கிக் கட்டிய சசெக்ஸ் மேய்ப்பர்களைப் பற்றிய ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது: ஆடு பண்ணைக்காரருடையது, மணி மேய்ப்பனுடையது. வேலை மாறினால் மணிகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவானாம். என் தாத்தாவின் மூன்று குழாய்த் துண்டுகள் எங்கே போயின என்று பெரியப்பாவைக் கேட்டேன். "லயத்தை இடித்தபோது யார் இதையெல்லாம் பார்த்தார்கள்" என்றார்.

ஆக, பழைய மணி கிடைத்தால் ஈரத்துணியால் துடையுங்கள், ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், அதற்குமேல் கையை வைக்காதீர்கள். அந்த அழுக்குத் தோல்தான் பசையும் குரலும். நான் கெடுத்த மணி இப்போது கொட்டகையில் சாவி போட்டு வைக்கும் கிண்ணம்.

இரண்டாவது மடத்தனத்துக்கு ஓர் உயிர் போயிற்று. மணிகளை நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தேன். மழைக்காலத்தில் நைலான் நனைந்து கழுத்தை அறுத்தது. முடிக்கு அடியில் இருந்ததால் கவனிக்கவில்லை. சின்னச் சிராய்ப்புதான். இந்த நாட்டில் அது போதும். திருகுப்புழு ஈ முட்டையிட்டுவிடும். நான் பார்த்தபோது காசளவு துளைக்குள் புழுக்கள் தலைகீழாக நின்று சதையைத் தின்றுகொண்டிருந்தன. கால்நடை மருத்துவர் சுத்தம் செய்து காப்பாற்றினார். அதே வாரம், காது கிழிந்த பெட்டையின் கயிறு வெட்டிய மட்டையின் அடிமுள்ளில் மாட்டிக்கொண்டது. அது இழுக்க இழுக்க இறுகியிருக்கிறது. நான் வரிசைகளுக்கு அப்பால் அந்த வலித்து அடிக்கும் மணியைக் கேட்டேன். கேட்டும், நாக்குக் கயிறு சிக்கியிருக்கும் என்று நினைத்து, காப்பியை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். போனபோது உடம்பு சூடாக இருந்தது.

இப்போது கழுத்துப்பட்டை பழைய தீயணைப்புக் குழாயை இரண்டு விரல் அகலத்தில் வெட்டியது. தோல் பட்டையும் போட்டுப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் பூஞ்சணம் பிடித்து விறைத்துப்போகிறது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பட்டையின் இரு முனைகளையும் கொக்கியால் இணைக்கவே கூடாது. மெல்லிய சணலால் கட்டுகிறேன். ஆடு தன் முழு பலத்தோடு இழுத்தால் சணல் அற்று மணி கீழே விழும். இதுவரை நான்கு முறை அறுந்திருக்கிறது. மணியைத் தேடி நடப்பது ஒரு வேலையா? வாரத்துக்கு ஒரு நாள் பட்டையைக் கழற்றிக் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். கண் ஏமாறும், விரல் ஏமாறாது.

மணி ஆட்டுக்குத் துன்பம் இல்லையா என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. சுவிட்சர்லாந்தில் பசுக்களுக்கு 5.5 கிலோ மணியைக் கட்டி ஆராய்ந்து, அவை மேய்வதும் அசைபோடுவதும் குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். என் மணி கால் கிலோவுக்குள். ஆனாலும் செம்மறி பசு அல்லவே. சினை முற்றிய ஆட்டுக்கும் குட்டிக்கும் நான் கட்டுவதில்லை. மேய்ச்சல் முடிந்து கொட்டகை ஏறியதும் மூன்றையும் கழற்றிவிடுகிறேன்.

கழற்றுவதற்கு இன்னொரு காரணம் பக்கத்துத் தாமான், அதாவது குடியிருப்பு. முப்பத்தெட்டுப் பித்தளை மணி காலத்தில் கொட்டகையில் ஆடுகள் தலையை உதறும் ஓசை ஓயாததால், அங்கிருந்து ஒருவர் சாரத்தோடு விடியற்காலையில் வந்து நின்றார். திட்டவில்லை. "அண்ணே, எனக்கு இரவு வேலை முடிந்து தூங்கும் நேரம் இது" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் என்ன வேண்டும்? இப்போது இரவில் மூன்று குழாய் மணியும் கொட்டகைக் கதவுச் சங்கிலியில் தொங்குகின்றன. ஆட்டுக்காரன் வருவதற்கு முன் வேறு யாராவது கதவைத் தொட்டால் மணி சொல்லிவிடும். ஒரு முறை சொன்னது. நான் விளக்கைப் போடுவதற்குள் மோட்டார்சைக்கிள் சத்தம் தார்ச்சாலைக்குப் போய்விட்டது. ஆடு எண்ணிக்கை சரியாக இருந்தது. நாய்களுக்கு மட்டும் மணி எந்தப் பயத்தையும் தரவில்லை. பயமுறுத்தும் என்று சிலர் சொன்னார்கள், நானும் நம்பினேன். அவை மணியைக் கேட்டுத்தான் ஆடு இருக்கும் இடத்துக்கு வருகின்றனவோ என்று இப்போது எனக்குச் சந்தேகம். நாய்க்கு வேலிதான்.

கிழவிக்கு இந்த ஆண்டு மீதிப் பற்களும் ஆடுகின்றன. அதற்குப் பிறகு நீள மணி யாருக்கு என்று பெரியப்பா கைப்பேசியில் அழைக்கும்போதெல்லாம் கேட்கிறார். நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ள ஒரு பெட்டையைப் பார்த்து வைத்திருக்கிறேன். அது கிழவிக்கு முன்னால் கால்வாயைத் தாண்டவில்லை. ஆனால் கிழவி தாண்டலாமா என்று தயங்கும்போது அதுதான் பக்கத்தில் வந்து நிற்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நேரில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து அவராகவே கண்டுபிடிக்கட்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு பார்க்க வருகிறவர்களால் கற்றுக்கொண்டது ஒன்று மிச்சம் இருக்கிறது. யார் வந்தாலும் கை நேராக மணி கட்டிய ஆட்டைத்தான் காட்டும். குர்பானிக்குக் கொழுத்த இளங்கிடா பத்து நின்றாலும், "அந்த மணி போட்ட ஆடு என்ன விலை?" என்பார்கள். பல் விழுந்த கிழவியைக் காட்டி ஒருவர் 1,500 ரிங்கிட் வரை ஏறினார். விற்கமாட்டேன் என்றதும், இன்னும் நல்ல விலைக்கு யாரோ பேசி வைத்திருக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். அதனால் பெருநாளுக்கு இரண்டு வாரம் முன்பே மூன்று மணியையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறேன். அந்த இரண்டு வாரமும் செம்பனைக்குள் ஆடு தேடி நடப்பது என் மகனுடைய வேலை.